வீணாகும் நாள் என்றொரு கட்டம்

ஊட்டி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கொடைக்கானல் ஏரியில் நான் படகில் ஏறியதில்லை. ஆனால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் விருத்தாசலம் ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இந்த ஊர்க் குடும்பங்களில் யாருக்கு எந்த மலை ஒத்துக்கொள்ளும் என்று தீர்ப்பு சொன்னவன் நான்தான். என் தீர்ப்பு பெரும்பாலும் தப்பியதில்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகன். சென்னையில் இருக்கிறான். ஏப்ரல் லீவில் என் பேரனைப் பனிச்சறுக்கு விளையாடும் ஊர் ஒன்றுக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். போனில் நான்கு ஊர்களின் பெயரைச் சொன்னான். ஒவ்வொன்றிலும் ஓட்டல் எப்படி, விமானத்தில் இறங்கிய பிறகு காரில் எத்தனை மணி நேரம் என்று அவனும் மருமகளும் கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். எது நல்லது என்று நான் சொல்ல வேண்டுமாம். எழுதி அனுப்புகிறேன் என்றேன். கட்டம் போடுவதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதையில் சுவாரசியம் ஒன்றும் இல்லை. பரீட்சை எழுதினேன், திருச்சியில் சில மாதம் கட்டணப் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன், இரண்டு சின்ன ஸ்டேஷன்களில் கொசுக்கடி பட்டேன், பிறகு விருத்தாசலம் வந்தேன். வந்த பிறகுதான் வேலை கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. தப்பு செய்ய விடாதவர் ஒருவர் இருந்தார். அவர் ஸ்டேஷன் மாஸ்டர் தேவசகாயம்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். கடலூர், சேலம் போன்ற ஊர்களுக்கு அச்சடித்த அட்டை டிக்கெட் உண்டு. எடுத்து, தேதி குத்தி, நீட்டினால் போதும். தூரத்து ஊர்களுக்கு அது கிடையாது. கார்பன் வைத்துக் காகித டிக்கெட் எழுத வேண்டும். எந்த வழி, எங்கே வண்டி மாற வேண்டும், எத்தனை முழு டிக்கெட், எத்தனை அரை டிக்கெட், எல்லாவற்றையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் பயணிக்குக் கொடுத்துவிட முடியாது. முதலில் தேவசகாயம் சார் அதில் பயணம் செய்வார்.

உண்மையாகவே பயணம் செய்வார். என் அறையில் இருந்த மரப் பெஞ்சில் உட்காருவார். தன் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொள்வார். டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். "வண்டி கிளம்பிட்டு. பக்கத்துல யாரு?" என்று ஆரம்பிப்பார். மனைவி, இரண்டு குழந்தைகள் சார் என்பேன். சேலத்தில் இறங்குவார். அடுத்த வண்டிக்கு எவ்வளவு நேரம், அதுவரை குழந்தையை எங்கே படுக்கவைப்பது, பால் எங்கே கிடைக்கும் என்று வரிசையாகக் கேட்பார். ஒரு கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கண்ணைத் திறந்து சிவப்புப் பென்சிலால் அந்த ஊரின் கீழே ஒரு கோடு போடுவார். நான் வேறு வழி தேட வேண்டும். கவுண்டருக்கு வெளியே பயணி மணிக்கணக்கில் நின்றாலும் சரி, பெஞ்சுப் பயணம் முடியாமல் டிக்கெட் வெளியே போகாது.

அவருடைய கேள்விகளுக்குப் பதில் வைத்துக்கொள்ளத்தான் நான் ஒரு நோட்டு போட்டேன். மலைக்குப் போய்த் திரும்பி வருகிறவர்களை ஸ்டேஷன் வாசலிலேயே மடக்கி, என்ன பார்த்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். திட்டக்குடியிலிருந்து ஊட்டி போன வாத்தியார் குடும்பத்துக்குக் கடைசி வளைவுகளில் வாந்தி. கம்மாபுரத்து மிராசு ஒருவருக்கு ஏற்காட்டில் இட்லி சரியில்லை, மற்றபடி சொர்க்கம். மூன்று வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் கொடைக்கானலுக்கு மதியத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிவைத்தேன். ஒவ்வொரு ஊருக்கும் கட்டங்கள் போட்டேன். ஒரு கட்டத்துக்கு 'தங்கும் நாள்' என்று தலைப்பு. அதற்குப் பக்கத்துக் கட்டத்துக்கு 'வீணாகும் நாள்'. ரயிலிலும் பஸ்ஸிலும் போகும் நாட்கள் அதில் அடங்கும். கிடைத்திருக்கும் லீவில் வீணாகும் நாளைக் கழித்து, மிச்சம் எதில் அதிகமோ அந்த ஊரைச் சொல்வேன். இதுதான் என் முறை. ஊரில் எனக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்த முறை.

இத்தனைக்கும் எனக்கு வருஷா வருஷம் இலவச பாஸ் உண்டு. குடும்பத்தோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம். அப்போதெல்லாம் நான் எழுதிக் கேட்டதே இல்லை. ஏப்ரல், மே மாதங்களில்தான் கவுண்டரில் கூட்டம் அதிகம். அதே மாதங்களில்தான் என் பையனுக்கும் லீவு. அவன் என்னிடம் எங்கேயும் கூட்டிப்போகச் சொல்லிக் கேட்டதில்லை. கேட்காத பிள்ளை கிடைத்திருக்கிறான் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இனிக் கலியபெருமாள் மேஸ்திரி விஷயத்துக்கு வருகிறேன். பீங்கான் தொழிற்சாலை ஒன்றில் சூளை மேஸ்திரி. கப்பும் சாஸரும் வேகிற சூளையில் தீ சரியாக இருக்கிறதா என்று சின்ன ஓட்டை வழியாகக் கண்ணால் பார்த்துச் சொல்கிறவர். வெறுங்கண்ணால் பார்த்தால் கண் போய்விடும். மரச்சட்டம் போட்ட நீலக் கண்ணாடி ஒன்றை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார். சூளை எரியும்வரை அவருக்குப் பெரும்பாலும் ராத்திரி ஷிப்டுதான். வருஷத்தில் ஒரு முறை, ஏப்ரலில், சூளையை அணைத்து, ஆறவிட்டு, உள்ளே பழுதான கல்லை மாற்றுவார்கள். அது ஆறியதும் அவருக்குப் பதினைந்து நாள் லீவு. மறுபடி தீ மூட்டும் அன்று அவர் கட்டாயம் இருக்க வேண்டும். வேறு யார் கண்ணையும் நம்பி மூட்ட மாட்டார்கள்.

அவருக்கு மூத்தது பெண், தமிழரசி. நான் சொல்லப்போகும் பயணத்தின்போது எட்டு வயது. ஏற்காட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று ஒரு வருஷம் டிக்கெட் வாங்கினார். சூளையின் கூரை வளைவு விரிசல் விட்டுவிட்டது என்று லீவை ரத்து செய்தார்கள். அடுத்த வருஷம் ஊட்டி. அதற்கும் ஏதோ தடங்கல். இரண்டு முறையும் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க அப்பாவோடு அந்தப் பெண்ணும் வந்து நின்றது. அழவில்லை. நான் டிக்கெட்டின் குறுக்கே கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்றாவது வருஷம், எழுபதுகளின் தொடக்கம், மேஸ்திரி பிப்ரவரியிலேயே வந்துவிட்டார். கையில் சுருட்டிய காலண்டர் படம். தொழிற்சாலையின் வடநாட்டு இன்ஜினீயர் வீட்டிலிருந்து வாங்கி வந்தது. வெள்ளை மலைச்சரிவில் சின்னப் பிள்ளைகள் காலில் நீளப் பலகை கட்டிக்கொண்டு சறுக்குகிறார்கள். தமிழரசி இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுப் பனியில் சறுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். இவரும் சரி என்று சொல்லிவிட்டார். கைக்குழந்தையோடு மனைவி ஸ்ரீமுஷ்ணத்தில் அம்மா வீட்டில் இருப்பதால் அப்பாவும் மகளும் மட்டும்தான் பயணம். பணம் சேர்த்து வைத்திருந்தார். அவருக்கு இல்லாதது நாள்தான்.

"இந்தத் தடவையும் இல்லன்னு ஆயிட்டா சார், அவ இனிமே எங்கிட்ட எதுவும் கேக்கவே மாட்டா" என்றார்.

எனக்குச் சட்டென்று சிம்லா ஞாபகம் வந்தது. மலையூர்களுக்கு ரயில் கட்டணம் குறைக்கும் சலுகைப் பட்டியலில் இருக்கிற ஊர், மலை உச்சிவரை ரயில் போகும். அன்றைக்கே வழியை எழுதிப் பார்த்து, தேவசகாயம் சாரிடம் நீட்டினேன். பெஞ்சில் உட்கார்ந்தார், பையை மடியில் வைத்தார், சென்னை போனார், டெல்லி போனார், சிம்லாவில் இறங்கினார்.

"இறங்கிட்டேன். பனி எங்கெ?"

"மலையில சார்."

"ஏப்ரல்ல இருக்குன்னு யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. என் நோட்டில் பனிக்கு ஒரு வரி கிடையாது. சிம்லாவின் கீழே சிவப்புக் கோடு விழுந்தது. "நம்ம ஆளு அங்கயும் கவுண்டர்ல இருப்பான்லா. எழுதிக் கேளும்" என்றார்.

அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று சிம்லா ஸ்டேஷன் டிக்கெட் கிளார்க்குக்கு, இன்னொன்று காஷ்மீர் போகிறவர்கள் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் ஏறும் ஸ்டேஷனின் கிளார்க்குக்கு. பெயர் தெரியாது. 'அன்புள்ள சகோதரருக்கு' என்று ஆரம்பித்தேன். எட்டு வயதுப் பெண், பிறந்ததிலிருந்து வெயிலைத் தவிர வேறெதையும் பார்க்காதவள், ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பிறகு காலடியில் பனி இருக்கும் இடம் வேண்டும், கேள்விப்பட்டதை வேண்டாம், கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள் என்று எழுதினேன். முன்பின் பார்க்காத அந்த இரண்டு பேரும் மார்ச் முடிவதற்குள் பதில் போட்டார்கள். ரயில்வேக்காரன் ரயில்வேக்காரனைக் கைவிட மாட்டான் என்பதில் எனக்கு அன்றும் இன்றும் சந்தேகம் இல்லை.

காஷ்மீர்க் கடிதம் அருமையாக இருந்தது. குல்மார்க்கின் மேல்சரிவில் பனி நிறைய இருக்கும், வாடகைக்குப் பலகை கிடைக்கும், சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. போக ஆறு நாள், வர ஆறு நாள், மிச்சம் மூன்று நாள். சிம்லா கிளார்க் நேர்மையானவர். ஊருக்குள் அப்போது பனி இருக்காது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டார். அங்கிருந்து பஸ்ஸில் அரை நாள் போனால் நார்கண்டா என்று சின்ன ஊர். அதற்கு மேலே, வெயில் படாத வடக்குச் சரிவில், ஏப்ரல் நடுவரைக்கும் பனி கிடக்கும். போன வருஷம் தன் பையனைக் கூட்டிப்போனதாக எழுதியிருந்தார். காலில் கட்டும் பலகையெல்லாம் கிடையாது. பிள்ளைகள் மரப்பலகையில் உட்கார்ந்து சறுக்குவார்கள். இரண்டு பேரும் ஒரு விஷயத்தை மறக்காமல் எழுதியிருந்தார்கள்: வெயிலில் பனியை வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

கட்டத்தில் போட்டுப் பார்த்தேன். நார்கண்டாவில் ஒரு நாள் அதிகமாக மிஞ்சும்தான், ஆனால் பலகை உள்ள மூன்று நாள் எங்கே, பலகை இல்லாத சரிவு எங்கே? குல்மார்க் என்று முடிவு செய்தேன். தேவசகாயம் சார் கண்ணை மூடி, ஒரு தடங்கலும் இல்லாமல் காஷ்மீர் போய் வந்தார். இடம் பதிவு செய்யத் தந்தி அடித்தோம், கிடைத்தது. கண்ணுக்கு என்ன செய்வீர்கள் என்று மேஸ்திரியைக் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து நீலக் கண்ணாடியை எடுத்துக் காட்டிச் சிரித்தார். நெருப்பைப் பார்க்கிற கண்ணாடி பனியைத் தாங்காதா என்றார்.

ஆனால் சூளை ஆறவில்லை. ஏற்காடு போகவிருந்த வருஷம் அவசரப்பட்டுக் கதவைத் திறந்துதான் குளிர்ந்த காற்று பட்டு வளைவு விரிசல் விட்டது. அதனால் இந்த முறை உள்ளே கை வைக்கிற அளவுக்கு ஆறும்வரை திறக்க விடக்கூடாது என்று மேஸ்திரியே கண்டிப்பாக நின்றார். தன் லீவு கரைகிறது என்று தெரிந்தே நின்றார். மூன்று நாள் போய்விட்டது. மறுபடி தீ மூட்டும் தேதி மாறாது. ஆகப் பதினைந்து நாள் பன்னிரண்டு ஆனது. காஷ்மீருக்குப் போய்வரப் பன்னிரண்டு நாள். குல்மார்க்கில் இறங்கி உடனே திரும்ப வேண்டியதுதான்.

மேஸ்திரி காலையில் கவுண்டருக்கு வந்தார். முகமெல்லாம் சூளைச் சூடு. பின்னால் தமிழரசி, புதுக் கம்பளிக் குல்லாயை அந்த வெயிலில் தலையில் மாட்டிக்கொண்டு நின்றது. குல்லாயைக் கழற்றச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

"ஊட்டிக்கே எழுதிடுங்க சார். வூட்டுக்கு வந்ததும் ஐஸு கட்டி வாங்கியாந்து காட்டிடுறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கட்டங்களைப் பார்த்தேன். ஊட்டிக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள், தங்கப் பத்து நாள். கூடவே நார்கண்டாவையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். போய்வரப் பதினோரு நாள். மிச்சம் ஒரே ஒரு நாள். இப்படிப்பட்ட ஊரை என் சர்வீஸில் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பெண்ணை ஏமாற்றி டிக்கெட்டின் குறுக்கே மூன்றாவது முறையாகக் கோடு போட எனக்குக் கை வரவில்லை. அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவிடம் பேசுவதை விட்டுவிட்டுப் பெண்ணைக் கவுண்டர் பக்கம் கூப்பிட்டேன். நோட்டைத் திருப்பிக் காட்டி இரண்டையும் சொன்னேன். ஊட்டி என்றால் பத்து நாள் ஜாலியாகச் சுற்றலாம், பனி இருக்காது. இன்னொரு ஊரில் பனி இருக்கும், ஆனால் ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் அப்பாவும் நீயும் ரயிலிலும் பஸ்ஸிலும் உட்கார்ந்தே கிடக்க வேண்டும்.

"எத்தினி நாளு மாமா?"

"பதினொண்ணு" என்றேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"அப்ப அதையே எழுதுங்க" என்றது.

பனி ஆசை இந்தப் பாடு படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். மேஸ்திரி தலையாட்டினார். பழைய டிக்கெட்டை ரத்து செய்து புதிது எழுதினேன். ஒரு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட். தேவசகாயம் சார் பெஞ்சில் பயணம் செய்தபோது சிம்லா பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்காமல் யோசித்தார். சிம்லா கிளார்க்கின் பெயரைக் கேட்டு, அவருக்கு ஒரு தந்தி கொடுக்கச் சொன்னார். சிவப்புப் பென்சில் வெளியே வரவில்லை. அன்று ராத்திரி வண்டியில் இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் நான் நிம்மதியாக இல்லை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் வழக்கம்போல ஏற்காடும் கொடைக்கானலும் சொல்லிக்கொண்டிருந்தேன். பனி உருகியிருந்தால் என்ன சொல்வது என்று உள்ளுக்குள் ஒத்திகை நடந்தபடி இருந்தது.

சரியாகத் தீ மூட்டும் நாளன்று காலை வண்டியில் வந்து இறங்கினார்கள். மேஸ்திரி கறுத்து, தாடி வளர்ந்து, ஆனால் பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். நேராக வேலைக்குப் போக வேண்டும் என்று அவசரப்பட்டார். நான் விடவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் மடக்கினேன். பனி இருந்ததா என்று கேட்டேன்.

இருந்தது என்று தமிழரசி சொன்னாள். முட்டிவரைக்கும். சிம்லா கிளார்க்கே பஸ் ஏற்றிவிட்டு, தன் பையனுடைய பலகையையும் கொடுத்து அனுப்பினாராம். அதில் உட்கார்ந்து சறுக்கினாளாம், ஏழெட்டு தடவை விழுந்தாளாம். அப்பாவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் மலை முழுக்க நீலமாகத் தெரிந்ததாம். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பனிக்கு என் நோட்டில் கண்ணால் பார்த்த சாட்சி கிடைத்துவிட்டது. எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

"வேற என்னம்மா எழுதணும்?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தது. "அப்பா ராத்திரியில தூங்குனாரு" என்றது.

எனக்குப் புரியவில்லை. அதுவே சொன்னது. "வூட்டுல அப்பா பகல்லதான் தூங்குவாரு. சத்தம் போடக் கூடாது. ரயிலுல பகலெல்லாம் முழிச்சிக்கிட்டு இருந்தாரு மாமா. எவ்ளோ வேணா பேசலாம்."

மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நோட்டைப் பார்த்தேன். நார்கண்டாவுக்கு நேரே, தங்கும் நாள் என்ற கட்டத்தில் ஒன்று என்று என் கையெழுத்தில் இருந்தது. வீணாகும் நாள் என்ற கட்டத்தில் பதினொன்று. எத்தனையோ குடும்பத்துக்கு இதே கட்டத்தைக் கழித்துத்தான் ஊர் சொல்லியிருக்கிறேன். மேஸ்திரி கிளம்பிப் போன பிறகு அந்தத் தலைப்பை அடித்தேன். வேறு என்ன தலைப்பு போடுவது என்று தெரியவில்லை. காலியாகவே விட்டேன். அதற்குப் பிறகு ஊர் கேட்டு வந்தவர்களிடம் அந்தக் கட்டத்தை நான் கழிக்கவில்லை. சில பேருக்குக் கூட்டியும் சொன்னேன். அவர்களும் குறை சொன்னதில்லை.

சாயங்காலம் தேவசகாயம் சார் அறைக்குப் போய் என் பாஸுக்கு எழுதித் தர வேண்டும் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சீசனில் லீவு கேட்கிறாயா என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். எந்த ஊருக்கு என்றுதான் கேட்டார்.

"எது ரொம்பத் தூரமோ அதை எழுதுங்க சார்" என்றேன்.

அவர் பாஸ் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்து அந்த மரப் பெஞ்சில் உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

"வண்டி கிளம்பிட்டு. பக்கத்துல யாரு?"

"என் பையன் சார்" என்றேன்.